பேன் பார்க்கும் வஞ்சிக்கு வந்த குரங்கம்மை

ஒரு காட்டில் டோக்கன் வாங்கினால்தான் பேன் பார்ப்பார்கள். இலுப்பை மரத்தடியில் கடை போட்டிருந்த வஞ்சி என்ற மந்திக்கு அவ்வளவு கிராக்கி. விடிந்ததும் மானும் முயலும் காட்டுப்பன்றியும் வந்து வரிசையில் நிற்கும்.

ஒரு நாள் வஞ்சிக்குக் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் நெறி கட்டியது. அன்றைக்கே கடைக்கு லீவு விட்டாள். மூன்றாம் நாள் உள்ளங்கையில் நாலு கொப்புளம் கிளம்பியது. ஊரார் தோலைப் பார்த்தே பிழைக்கிறவள். தனக்கு வந்திருப்பது லேசுப்பட்டதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே நர்ஸ் ஒரு கீரி. பார்த்ததுமே குரங்கம்மை என்றது. பெயரில்தான் குரங்கு, தோலோடு தோல் பட்டால் யாருக்கும் ஒட்டும், படுக்கையைப் பகிர்ந்தாலும் ஒட்டும் என்றது. கடைசிப் பொருக்கும் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை தனியாக இருக்க வேண்டும். சொறியக் கூடாது, கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை. வாயில் புண் வந்தால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கண்ணில் வந்தால் மட்டும் உடனே ஓடி வரச் சொன்னது.

"ரெண்டு வாரமோ நாலு வாரமோ ஆகும். உன் கைக்குச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டம்," என்றது கீரி.

கஷ்டமாகத்தான் இருந்தது. வஞ்சி மலைப்பொந்தில் தனியாகக் கிடந்தாள். அரிப்பெடுத்தபோது கையை இறுகக் கட்டிக்கொண்டு எதிர்ப்பாறையை முறைத்தாள். முதுகை ஒரு தரம் யாராவது தடவிக் கொடுக்க மாட்டார்களா என்று ஒரு நாள் அழுதும் தீர்த்தாள். இருபத்தாறாம் நாள் கடைசிப் பொருக்கும் உதிர்ந்தது. அவளுடைய வாடிக்கைக்காரர்களில் ஒருவருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஒருத்தருக்கும் வராதது எப்படித் தொற்றுநோயாகும் என்று காடு கேட்டது. நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறாள் என்றது மான்.

ஆற்றுக்கு அக்கரையில் கொண்டையன் என்ற குரங்கும் பேன் பார்த்துவந்தான். அவனுக்கும் அதே அம்மை. கொப்புளத்தின்மேல் சாம்பலைப் பூசிக்கொண்டான். ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை. பதினோரு பேருக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவனே வீடு வீடாகக் கஞ்சியும் மாத்திரையும் கொண்டுபோய்க் கொடுத்தான். இப்படி ஒரு தங்கமான பிள்ளை உண்டா என்று பதினோரு குடும்பமும் உருகியது.

பதினைந்து நாள் கடை மூடிக் கிடந்தால் மரம் வேறொருவருக்குப் போய்விடும். நோய் என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அதுதான் காட்டுச் சட்டம். வஞ்சி பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் ஆமை ஒரு படிவத்தை நீட்டியது. 'தங்களிடமிருந்து நோய் தொற்றியவர்கள் எத்தனை பேர்?' என்று ஆறாவது கேள்வி. வஞ்சி பூஜ்ஜியம் போட்டாள்.

ஆமை அதையே வெகுநேரம் பார்த்தது. "பூஜ்ஜியம்னா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்மா. ஒரே ஒருத்தர் பேர் இருந்தாக்கூட முத்திரை குத்திடுவேன்."

"ஒருத்தருக்கும் வரக் கூடாதுன்னுதான் ஐயா பொந்துல கிடந்தேன்."

"அதை எழுத இதுல கட்டம் இல்லையே," என்றது ஆமை, உண்மையான வருத்தத்தோடு.

இலுப்பை மரம் கொண்டையனுக்குப் போனது. கூடவே அவனுக்கு ஒரு பாராட்டு விழா. தொழிலில் மூத்தவள் என்று பொன்னாடை போர்த்த வஞ்சியைக் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் பொறாமை என்பார்களே என்று அவளும் போனாள்.

மேடையில் கிட்டே போனதும் அவளுடைய பழகிய கண் அவன் தோளில் நின்றுவிட்டது. சாம்பலுக்கு அடியில் இரண்டு பொருக்கு இன்னும் உதிரவில்லை. வஞ்சி ஒரு நீளக் கம்பை எடுத்தாள். அதன் நுனியில் பொன்னாடையை மாட்டி, எட்ட நின்றபடியே போர்த்தினாள்.

"யாரும் கட்டிப்பிடிக்காதீங்க. அவருக்கு இன்னும் முழுசா ஆறலை," என்றாள்.

மரம் போன வயிற்றெரிச்சல் என்றது கூட்டம். அவளுக்குப் பாடம் கற்பிப்பதற்காகவே ஒவ்வொருவராக மேடையேறிக் கொண்டையனை ஆரத் தழுவினார்கள். முதலில் ஏறியது வஞ்சியின் பழைய வாடிக்கைக்காரர்கள்.

அடுத்த மாதம் கொண்டையன் கஞ்சியும் மாத்திரையுமாக முப்பது வீடு ஏறி இறங்கினான். இந்த முறை ஒரு தெருவுக்கே அவன் பெயரை வைத்தார்கள்.

வஞ்சி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புங்கமரத்தடிக்கு வந்துவிட்டாள். வேலை முடிந்ததும் கீரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து அவள் முன்னால் முதுகைக் காட்டி உட்காரும். அதற்குப் பேனே கிடையாது. வஞ்சி அதைச் சொன்னதில்லை.

நீதி: நோய் கண்டால் தவறாமல் தனித்திருங்கள், ஆனால், நோய் இருந்தது என்று சாட்சி சொல்ல நாலு நோயாளிகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.