இரண்டு மாட்டு மோட்டார் கேஸ்

குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் போலீசில் மாட்டியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஓடாத காரைக் குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

யுத்த காலம். தூத்துக்குடியில் ஓர் உப்பு முதலாளியிடம் எனக்கு டிரைவர் வேலை கிடைத்தது. லைசென்ஸ் கைக்கு வந்த கையோடு பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. (என் ராசி அப்படி. நான் குடை வாங்கினால் மழை நின்றுவிடும்.) கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோல் எந்த மூலைக்கு? முதலாளிக்கோ ஜட்கா வண்டியில் ஏறுவது கௌரவக் குறைச்சல். காரின் முன்பக்கம் கயிறு கட்டி இரண்டு காளைகளைப் பூட்டச் சொல்லிவிட்டார். மாட்டுக்காரன் சுடலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பான். நான் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவேன்.

அந்த லைசென்ஸை நம்பித்தான் ஏரலில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா நெல் விவசாயி. மருமகன் மோட்டார் டிரைவராக்கும் என்று ஊர் பூராவும் சொல்லிவைத்திருந்தார். லைசென்ஸ் போனால் பெண்ணும் போச்சு.

ஒருநாள் மத்தியானம் முதலாளியை மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். கள்ளுக்கடை வாசலில் சுடலை மாட்டை நிறுத்தினான்.

"பொண்ணு பேசியாச்சு. ஒரு கலயம் வாங்கித் தரமாட்டீயளோ அண்ணாச்சி?"

வாங்கிக் கொடுத்தேன். துணைக்கு நானும் குடித்தேன். அதுதான் எனக்கு முதல் கள். இரண்டாவது கலயத்தில், ரோட்டில் போகிறவர்களெல்லாம் என்னைக் கும்பிடுவதுபோல் தோன்றியது. டவுனுக்குள் நுழைந்ததும், மாடுகள் அசைந்து அசைந்து நடப்பது என் உத்தியோகத்துக்கே இழுக்கு என்று பட்டது. ஹாரனை ஓங்கி அமுக்கினேன்.

பாவம், முதுகுக்குப் பின்னால் அப்படியொரு அலறலை அந்தக் காளைகள் எங்கே கேட்டிருக்கும்? சுடலையின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு எடுத்தன பாருங்கள் ஓட்டம்! கடற்கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மேல் ஏறி இறங்கி, வலைகளை இழுத்துக்கொண்டு ஓடி, தண்ணீர்த் தொட்டியைக் கண்ட பிறகுதான் நின்றன. தொட்டி இருந்தது போலீஸ் ஸ்டேஷன் வாசலில். பிரேக்கை மிதிக்க வேண்டும் என்ற ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஏட்டையா மூக்கைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏலே, யாருலே டிரைவர்?"

மூச்சிரைக்க ஓடிவந்த சுடலை, "நான் மாட்டுக்காரன் ஏட்டையா" என்று ஒதுங்கிக்கொண்டான். நானோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவர் கேட்காமலே லைசென்ஸை எடுத்து நீட்டினேன். (என்ன ஒரு மிடுக்கு!) குடிபோதையில் மோட்டார் ஓட்டியதாகக் கேஸ் பதிவானது.

முதலாளி வக்கீல் வைத்தார். வக்கீல் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஒண்ணும் பயப்படாதேயும்வே. கோர்ட்டுல வாயைத் தொறக்காம நில்லும். லைசென்ஸை நான் காப்பாத்துதேன்."

வாய்தா அன்று ஏரலிலிருந்து மாமனார் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டார். வக்கீல் எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, வண்டியில் பெட்ரோல் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. மாடு இழுத்தால் அது மாட்டு வண்டி. என் கட்சிக்காரர் அதை ஓட்டவே இல்லை. வண்டியில் ஏற்றிவைத்த உப்பு மூட்டையும் அவரும் ஒன்று."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். ஏறக்குறைய விடுதலை ஆகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து, மாமனாரின் பக்கத்தில் இருந்தவர், "மூட்டையாம்லா!" என்று அவர் காதைக் கடித்தது எனக்குக் கேட்டுத் தொலைத்தது. ரோஷம் பொங்கிவிட்டது.

"இல்ல எசமான்! நான்தான் ஓட்டுனேன்! ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு. ஹாரன்கூட நான்தான் அடிச்சேன்!"

"குடித்திருந்தீரா?"

"ரெண்டு கலயம் எசமான். ஆனா கை நடுங்கல!"

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அபராதம் விதித்து, ஆறு மாதத்துக்கு லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வெளியே மாமனார் நின்றார்.

"ஏன் மாப்ள, சும்மா நின்னிருந்தா விட்டிருப்பாவல்லா?"

"மூட்டைன்னுட்டாரே மாமா!"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எம்மவகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. முகம்கூடச் சரியாகப் பார்த்திராத அந்தப் பெண்ணுக்காக அப்படி ஏங்கினேன். கடைசியில் மாமனாரே வந்தார்.

"லைசென்ஸ் கெடக்கட்டும், அந்த மாட்டையாவது ஒழுங்கா ஓட்டத் தெரியுமான்னு கேக்கா."

தெரியாது என்று சொல்லவா முடியும்? சுடலையை உப்பளத்துக்கு அனுப்பிவிட்டு, முதலாளி கயிற்றை என் கையில் கொடுத்தார். வேறொருவன் என் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்க, நான் முன்னால் நடந்தேன். கல்யாணத்துக்கும் அதே காரைத்தான் கொடுத்தார். மேளச் சத்தத்தில் காளைகள் மிரண்டு ஒருவருக்கும் அடங்கவில்லை. பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், மாலையும் கழுத்துமாக இறங்கிப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஊர்வலம் முடிகிறவரை விடவில்லை.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி வாய் கொள்ளாத சிரிப்போடு சொல்கிறாள்:

"எங்க கல்யாணத்துக்குக் காருல்லா வச்சிருந்தோம்! நான் உள்ள உக்காந்து வந்தேன். இவுக இழுத்துக்கிட்டு வந்தாக."