மீசையில் ஒட்டிய மண்

ஓடுகிற வண்டியிலிருந்து விழுந்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல் டாக்டர் நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து விழுந்தார். அதுவும் அவசரமே இல்லாமல், ஒரு மரியாதையோடு விழுந்தார்.

ஊருக்கு வெளியே, மூடிப்போன கல்குவாரிக்குப் பின்னால், மண் தடத்தில் முதல் நாள் பயிற்சி. டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு வலது காலை ஊன்றினார். கால் எதிர்பார்த்த இடத்தில் தரை இல்லை. அது ஒரு சாண் கீழே, பள்ளத்தில் இருந்தது. வெட்டிய மரம் சாய்வதற்கு முன் ஒரு கணம் யோசிக்குமே, அப்படி வண்டி யோசித்தது. டாக்டரும் யோசித்தார். பிறகு இருவரும் ஒருமனதாக வலது பக்கம் சாய்ந்தார்கள். மண்ணைக் கவ்வுவது பற்றி அதுவரை கேள்விப்பட்டு மட்டுமே இருந்தவர் அன்று ருசியும் பார்த்தார். ஊரார் பல்லையெல்லாம் சுத்தம் செய்கிறவருக்குத் தன் பல்லிலேயே மணல் நறநறத்தது.

அது சாதாரண வண்டி இல்லை. காடு, மேடு, ஓடை எதுவானாலும் ஏறி இறங்கும் என்று சொல்லி விற்கிற ராட்சத அட்வெஞ்சர் பைக். ஏறி உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன துணி காய்கிறது என்று தெரியும். எடை, ஐந்து சிமெண்ட் மூட்டை. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி வேறு. டாக்டர் அதைத் தன் சொத்து என்பார். சொத்து நன்றாகத்தான் இருந்தது. ஓட்டுகிற திறமைதான் சொத்தை.

கூட வந்திருந்த ஆடிட்டரும் மருந்துக்கடைக்காரரும் ஓடிவந்து தூக்கினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே மூன்று பேரும் கூட்டாளிகள். வயிற்றைச் சுற்றி வளர்ந்த வயதை மறக்க மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஒரே மாதிரி வண்டி வாங்கியிருந்தார்கள். யோசனை டாக்டருடையது. அதனால் தலைமையும் அவருடையது. தலைவர் விழுந்தால் அது விழுந்த கணக்கில் வராது. வண்டியின் பக்கவாட்டுக் காப்புக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகத் தானே சாய்த்ததாக டாக்டர் சொன்னார். மீசையிலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நண்பர்களும் அதைப் பார்க்காதவர்கள் போல, என்ன துணிச்சல் என்று வியந்தார்கள்.

அடுத்த மாதம் மலைப் பயணம். தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து காட்டுப்பாதை. வழியில் ஓர் ஓடை, உருட்டுக்கல் ஏற்றம், உச்சியில் ஒரு பழைய வனத்துறை பங்களா. போகிற வழியைப் படத்தில் பார்த்தபோதே டாக்டருக்குப் போகிற ஆசை போய்விட்டது. ஆனால் பின்வாங்க முடியாது. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மருந்துக்கடைக்காரர் இழுத்தபோது, பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டு செய்வதற்குப் பெயர் சாகசம் இல்லை, சம்சாரம் என்று பேசியவர் அவர்தான்.

இரண்டு நாள் யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. ஆண்கள் உலகத்தில் ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை: 'வீட்ல வேண்டாங்கறாங்க.' சிரிப்பார்கள். ஆனால் கை எலும்பு முறிவதைவிடக் கேலி மேல். மனைவி ஒருமுறை வேண்டாம் என்று சொன்னால் போதும். இருபது வருஷமாக எத்தனையோ விஷயத்துக்கு வேண்டாம் என்று சொன்னவள், இதற்கு மட்டுமா சொல்லமாட்டாள்?

டாக்டரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். படுத்துவிட்டவர்களை உட்கார வைப்பதும் உட்கார்ந்துவிட்டவர்களை நடக்க வைப்பதும் வேலை. என்னால் முடியாது என்று நோயாளி அழுதால், "சரி, முடியாதபடியே ஒரு அடி எடுத்து வைங்க" என்பாள். அவர்களும் வைத்துவிடுவார்கள்.

அவளிடம் டாக்டர் பாதையின் ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பள்ளத்தாக்கை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார். ஓடையில் கொஞ்சம் வெள்ளம் விட்டார். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், ஜாக்கிரதையாகப் போய்விட்டு வரச் சொன்னாள். யாரோ ஒருவர் வண்டியோடு சரிவில் உருண்டுபோகிற வீடியோவைக் காட்டினார். அந்த மலை எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று அவள் ரசித்தாள். அன்றைக்கு நம் கல்யாண நாளாயிற்றே என்று தழுதழுத்தார். கல்யாண நாள் வருஷா வருஷம் வரும், இந்த வயது வருமா என்று கேட்டுவிட்டு, மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள்.

கடைசி நம்பிக்கை மாமியார். மருமகன் குடையில்லாமல் தெருவில் இறங்கினாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். டாக்டர் தானே போன் போட்டு, நடுநடுவே பெருமூச்சும் விட்டு விஷயத்தைச் சொன்னார். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாப்பிள்ளை இப்படியாவது வீட்டைவிட்டு நாலு இடம் போவது நல்லதுதான், தொப்பை குறையும் என்று ஆசீர்வாதம் செய்தார்.

வேறு வழியில்லாமல் டாக்டர் பொய்யில் இறங்கினார். நண்பர்களிடம், வீட்டில் ஒரேயடியாக மறுத்துவிட்டாள் என்று சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் சரக்கு சேர்த்துக்கொண்டார். பல்லைப் பிடுங்குகிறவர்கள் கை பாதியில் நிற்காது.

நண்பர்கள் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் டாக்டர் தப்பித்திருப்பார். அவர்கள் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பை ஆப்பிளோடு வீட்டுக்கே வந்து நின்றார்கள். டாக்டர் முகத்தில் சோப்போடு குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி டீ கொண்டுவந்தாள்.

ஆடிட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "தங்கச்சி, இந்த ஒரு தடவை நீ மனசு இறங்கணும். அவன் வரலைன்னா எங்களுக்கும் போகப் பிடிக்கல."

"நான் மனசு இறங்கணுமா?"

"நீ அழுததாச் சொன்னான்மா," என்றார் மருந்துக்கடைக்காரர் தரையைப் பார்த்தபடி. "ரெண்டு நாளா சாப்பிடக்கூட இல்லையாமே."

அவள் திரும்பி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. ஆனாலும் அதில் பார்க்க நிறைய இருந்தது. இவள் இப்போது வாயைத் திறந்து ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் போதும், பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்த மானம் டீக்கோப்பையோடு சேர்ந்து காலியாகிவிடும். சோப்பு காய்ந்து முகம் இழுத்தது.

அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"ஆமாண்ணா, வேண்டாம்னுதான் சொன்னேன். மனசுக்குப் பயமா இருந்துச்சு. இப்ப நீங்க ரெண்டு பேரும் வீடு தேடி வந்து கேக்கறீங்க. அதுக்கப்புறமும் மறுத்தா நல்லாவா இருக்கும்? போயிட்டு வரட்டும்."

டாக்டருக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் அதே மூச்சில் திரும்பிப் போனது. மானம் பிழைத்துக்கொண்டது. மனிதர் மாட்டிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "விழுந்த வண்டியைத் தனியாத் தூக்கத் தெரிஞ்சாதான் அனுப்புவேன். அதை நானே சொல்லித் தர்றேன்."

நண்பர்கள் கண் கலங்காத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கதவைச் சாத்தியதும் டாக்டர் பூகம்பத்துக்குத் தயாரானார். அது வரவில்லை. ஆப்பிளைக் கழுவிக்கொண்டே அவள் ஒன்றுதான் கேட்டாள். "அழுததுகூடப் பரவாயில்லைங்க. சாப்பிடலைன்னு சொன்னா, பாக்கறவங்க நம்புவாங்களான்னு யோசிக்க வேண்டாமா?"

மறுநாள் காலை வாசலில் பழைய மெத்தையை விரித்து, வண்டியை அதன்மேல் வலது பக்கமாகச் சாய்த்தார்கள். டாக்டர் குனிந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இடுப்பில் ஏதோ பேசியது. வண்டி பேசாமல் கிடந்தது.

குனிந்து தூக்கினால் வண்டிக்கு முன்னால் முதுகுதான் எழுந்து வரும் என்றாள் அவள். முதலில் கியரில் போடச் சொன்னாள், உருளாமல் இருக்க. ஸ்டாண்டை இப்போதே தள்ளிவிடச் சொன்னாள், தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் விழாமல் இருக்க. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை பின்கம்பியில். கையால் இழுக்கக் கூடாது. காலால் தள்ளி, பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைக்க வேண்டும்.

"என்னால முடியாது," என்றார் டாக்டர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"சரி. முடியாதபடியே ஒரு அடி வைங்க."

வைத்தார். ஐந்து சிமெண்ட் மூட்டையும் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு, தூக்கம் கலைந்த குழந்தை மாதிரி முனகிக்கொண்டே எழுந்து நின்றது. டாக்டர் நம்பாமல் திரும்பிப் பார்த்தார். கிளினிக்குக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், இன்னொரு தடவை சாய்க்கச் சொன்னார்.

மாதம் முழுக்கக் காலையில் இதே வேலை. தூக்கத் தெரிந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. விழுவதில் இருந்த பயம் போய்விட்டது. பயம் போனதும் விழுவதும் குறைந்துவிட்டது.

மலைக்குப் போனார்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கிய டயரில், கால்மிதியில் எழுந்து நின்றபடி, உருட்டுக்கல் ஏற்றத்தில் டாக்டர் முன்னால் போனார். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறும், போக வேண்டிய வழியைப் பார் என்று படித்திருந்தார். பார்த்தார். வண்டி போனது. வாய்க்குள் ஏதோ பாட்டுக்கூட வந்தது.

ஓடையில் விழுந்தார். பாசி பிடித்த கல் ஒன்று முன்சக்கரத்தைத் திருப்பிவிட, இடுப்பளவு சில்லென்ற தண்ணீரில் உட்கார்ந்தார். கரையிலிருந்து நண்பர்கள் பதறி இறங்குவதற்குள், டாக்டர் இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டைத் தள்ளி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சின்னச் சின்ன அடி வைத்துக்கொண்டிருந்தார். வண்டி நீர் சொட்டச் சொட்ட எழுந்தது. நண்பர்கள் நடுத்தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னால் ஆடிட்டர் ஒரு தடவையும் மருந்துக்கடைக்காரர் சில தடவையும் விழுந்தபோது, டாக்டர் போய்த் தூக்கிக் கொடுத்து, எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தார். யாரிடம் கற்றார் என்று கேட்டார்கள். வீட்டில் என்று சொல்வதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

உச்சி பங்களாவின் படியில் உட்கார்ந்து ஈரக் காலணியைக் கழற்றும்போது, கீழே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. நண்பர்கள் ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் முதலில் கொடுத்தார்கள். டாக்டருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மனைவி ஒரு வார்த்தையில் அவரைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்காமல், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நிமிரவும் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். இந்த மேகம், இந்த ரொட்டி, இந்த முழங்கால் வலி எல்லாமே அவள் கொடுத்தது. போனை எடுத்தார். சிக்னல் இல்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நன்றியைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, தலை முதல் கால் வரை சேறோடு வீட்டு வாசலில் இறங்கினார். மீசையில் மண். துடைக்கவில்லை.

"விழுந்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"விழுந்தேன். நானே தூக்கினேன்." கொஞ்சம் தயங்கினார். "நீ இல்லைன்னா நான் போயே இருக்கமாட்டேன். ரொம்ப சந்தோஷமா இருக்கு. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

அவள் துண்டை நீட்டினாள். கண் மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் தைரியத்தில் டாக்டர், அடுத்த மாதம் இன்னும் உயரமான ஒரு மலைக்குப் போகலாம் என்று தோன்றுவதாகச் சொல்லி, போகட்டுமா என்று கேட்டார். கிடைக்க வேண்டுமே என்ற ஆசையோடு அவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாங்க," என்றாள் அவள்.

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்றேன். அடுத்த மாசம் வண்டி எனக்கு வேணும். ஆடிட்டர் வீட்டு அண்ணி, மருந்துக்கடை அண்ணி, நான், மூணு பேரும் போறோம். நீங்க கிளினிக் போனதும் இந்த வண்டியை எடுத்துட்டுப் போய், ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி இருக்கற மைதானத்துலதான் ஓட்டிப் பழகினோம். அண்ணனுங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. நீங்க வேண்டாம்னா சொல்லுங்க, நான் வரலைன்னு சொல்லிடறேன். என்ன, அண்ணிங்க ரெண்டு பேரும் ஒரு பை ஆப்பிளோட வந்து உங்களைக் கேப்பாங்க."

டாக்டர் துண்டால் மீசை மண்ணைத் துடைத்தார். பிறகு, ஜாக்கிரதையாகப் போய்விட்டு வரச் சொன்னார். சொன்னபோது மனதில் குறை ஒன்றும் இல்லை. பட்ட நன்றிக்கடனுக்கு ஏதாவது செய்யலாமே என்று, தன் முழங்கால் கவசங்களைக் கழற்றிச் சேற்றைத் துடைத்து, அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தானே குனிந்து அளவு பார்த்தார்.

கவசத்தின் தோல் வாரில் அவள் காலுக்குச் சரியாக ஏற்கெனவே ஒரு துளை போட்டிருந்தது.