ஷர்வின் ராகு காலம் கழித்து டிஸ்க்கைக் காத்த படலம்

“அப்போ தெரியாம அழிச்சிட்டாக்கூட, அழிக்கிறதுக்கு முந்தின நேரத்துக்குப் போயி எடுத்துட்டு வந்திடலாம். அதானே சொல்ற?”

“அதேதான் அக்கா. மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட். டிஸ்க் அந்த நேரத்துல எப்படி இருந்துச்சோ, அப்படியே ஞாபகம் வெச்சுக்கும்.”

“சரி, இப்போ அந்தப் பொத்தானைத் தட்டாதே. வெள்ளிக்கிழமை, ராகு காலம் ஓடுதுலா. பன்னெண்டுக்கு மேல தட்டு. கலாதேவி கல்யாண வீடியோவும் அதுலதான் கெடக்கு. ஞாயித்துக்கிழமை கொடுக்கலைன்னா என் மானம் போயிடும்.”

வாழ்க ஷர்வின்! சுண்ணாம்புக் குன்றுகள் அரண்செய்யும் ஈப்போ மாநகரில், புஷ்பலதா அக்காவின் திருமண வீடியோக் கடையைத் தன் இரு விரல்களால் தாங்கிநிற்கும் எடிட்டர் திலகம் வாழ்க! பாஸ்வேர்டு மறவாத அந்தப் பேராண்மை வாழ்க!

வாளைப் பாதி உருவிய வீரனிடம் ‘பொறு’ என்றால், அவன் கை சும்மா இருக்குமா? பனி பொழியும் ஏதோ தூர தேசத்துக் கோட்டையின் கடைசிக் காவலனாகவே தன்னைக் கண்ட ஷர்வின், முதல் ஸ்னாப்ஷாட் என்னும் மாமன்னன் எழுந்தருளப்போகும் வீதி இப்படிக் குப்பையாகவா கிடப்பது என்று வெகுண்டான். மவுஸ் என்னும் மதயானை மீதேறிப் படை நடத்தினான். மங்கிய படங்கள் மாண்டன. பாதியில் நின்ற வீடியோக்கள் மடிந்தன. களத்தின் நடுவே, ‘கலாதேவி கல்யாணம்’ என்ற ஒரே பெயர் பூண்டு இரண்டு ஃபோல்டர்கள் எதிர்நின்றன. இரண்டிலும் அதே மணமகள், அதே மாலை, கோலா கங்சார் பழைய ரப்பர் தோட்டத்து அதே மாரியம்மன் கோயில். ஒன்று போலி என்று தீர்ப்பளித்தான் வீரன். வெட்டினான். வெட்டியது பிழைத்தெழாதபடி குப்பைத்தொட்டியையும் காலிசெய்தான்.

ராகு விலகியது. புஷ்பலதா அக்கா கறுத்த டிஸ்க் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடமும் காட்டினார். ஷர்வின் பொத்தானை அழுத்தி, “இனிமே இந்தக் கடையில எதுவும் அழியாது” என்று எட்டுத் திசைக்கும் அறிவித்தான். கேட்டது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா மட்டுமே.

உண்டு முடித்து, தாலி கட்டும் காட்சியைத் தேடியபோதுதான் உண்மை இடியாய் இறங்கியது. திருமணத்துக்குப் போனவை இரண்டு கேமராக்கள். இரண்டு ஃபோல்டரும் இரண்டின் பதிவுகள். மாய்ந்தது மணவறையைப் பிடித்தது. பிழைத்ததோ, கெட்டிமேளம் முழங்கிய அந்தப் பொன்னான கணத்தில், பந்தியில் வடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேமரா கார்டுகளிலோ, பழையதை அழித்துவிட்டு பாகான் செராய் ஊர் நிச்சயதார்த்தம் ஏறிப் பல நாளாகிவிட்டது.

அக்கா கலங்கவில்லை. “காலையில இருந்த எடத்துக்குத் திரும்பிப் போ. அதுக்குத்தானே இந்தப் பெட்டி.”

போனான். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டாய்ப் பின்னேறிப் பகல் பன்னிரண்டை அடைந்தான். அதற்கு முன்னே வழியில்லை. அங்கே ராகு காலம் மட்டுமே இருந்தது. எந்த வைரஸும் அசைக்க முடியாத உறுதியோடு, மணிக்கு ஒருமுறை தவறாமல், தாலி கட்டாத கல்யாணம் ஒன்றைப் பெட்டி பத்திரமாகக் காத்துவந்தது.

புஷ்பலதா அக்கா கலாதேவியின் எண்ணை அழுத்தி, போனை அவன் கையில் கொடுத்தார்.

“கலாதேவி அக்கா, தாலி கட்டுறப்போ யாராச்சும் போன்ல வீடியோ எடுத்திருந்தா, எனக்குக் கொஞ்சம் வாட்ஸ்அப்ல அனுப்பிவிடுறீங்களா?”