மின்னல் பெட்டியும் நான் கழுவிய பாட்டில்களும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பால் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி ஓரத்திலிருந்து மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், கிருமிகளைத் தவிர. நீங்களும் என் மகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஜெயித்துவிட்டீர்கள். மின்னல் பாய்ச்சிக் கிருமியைக் கொல்ல, இரண்டு வருடம் தூக்கத்தைத் தொலைத்து நீங்கள் செய்த பிளாஸ்மா பெட்டி வழியாக ஓடிவந்த கழிவுநீரை, என் கையாலேயே பளிச்சென்று கழுவிய மூன்று பாட்டில்களில் வாரத்துக்கு ஒன்றாகப் பிடித்து அனுப்பினேன். மூன்றிலும் கிருமி பூஜ்யம் என்று பரிசோதனைக்கூடம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஒன்றில் கிருமி தெரிந்தாலும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிய மேனேஜர், "இது இங்கேயே இருக்கட்டும்" என்கிறார். அவருக்குச் சொந்த லாபமும் உண்டு. பெட்டி ஓடும்போது பக்கத்தில் நின்றால் செல்போன் பேச்சு கரகரத்து அறுந்துவிடும், வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலே மனிதர் பெட்டியைப் பார்வையிடக் கிளம்பிவிடுகிறார்.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே ஊதா நிறத்தில் நூல் நூலாய் மின்னல், கூடவே ஒரு சீறல். மூடியைத் திறந்து மோந்து பார்த்து அரை மணி நேரம் இருமினேன், மகளிடம் சொல்லவேண்டாம். கரண்ட்டு தண்ணியில பட்டா நாமதானே போய்ச் சேருவோம், கிருமி மட்டும் எப்படிச் சாகுது? போனில் கேட்டதற்கு, "காத்தே உடைஞ்சு கிருமியோட தோலைக் கிழிக்குது மாமா" என்றீர்கள். காத்து எப்படி உடையும்? உடைஞ்சது திரும்ப ஒட்டிக்குமா? இதையே யோசித்துக்கொண்டு குளியலறையில் வாளியைப் பார்த்தபடி நிற்கிறேன், உங்க அத்தை வந்து கதவைத் தட்டுறா.

சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இனிப்பு வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுங்கள். இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பெருமை பிடிபடாத மாமனார்

பி.கு.: ஆர்வம் பொறுக்காமல், பெட்டிக்குள் போகவே போகாத சாக்கடைத் தண்ணீரை நான்காவது பாட்டிலில் பிடித்து அனுப்பியிருந்தேன். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் முடிவு வந்தது. அதிலும் கிருமி பூஜ்யமாம். பாட்டிலை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாவிட்டால் எனக்கு மனசு ஆறாது என்பது உங்களுக்குத் தெரியும். நான்கையும் அப்படித்தான் கழுவினேன், உள்ளே ஒட்டியிருந்த பவுடரே கிருமியைக் கொன்றிருக்கும். மேனேஜரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். கொதிநீரில் மட்டும் அலசிய பாட்டிலில் பெட்டி வழியாக வந்த தண்ணீரை இன்று பிடித்து அனுப்பியாயிற்று, வெள்ளிக்கிழமை முடிவு வரும். உங்கள் பெட்டி கிருமியைக் கொல்கிறதா என்பது இந்த நிமிடம் வரை யாருக்கும் தெரியாது மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொள்ளும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. இனிப்பு வாங்கியிருந்தால் டப்பாவைத் திறக்கவேண்டாம்.