பர்மனென்ட் படிப்பும் காண்ட்ராக்ட் படிப்பும்

நெய்வேலியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று மூன்று உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே நாலாவதாக ஒன்று தொடங்கிவிடும், அது உங்களுக்குத் தெரியுமா? அதுதான் ஆலோசனை ஷிஃப்ட். சம்பளம் கிடையாது, ஓவர்டைம் மட்டும் உண்டு. அதில் உழைக்கும் மகானுபாவர்களுக்குக் ‘கோர்ஸ் சொல்லிகள்’ என்று பெயர் வைப்போம்.

கூப்பிட்டால் வருகிறவர் கோர்ஸ் சொல்லி அல்ல, கூப்பிடாமலே வருகிறவர்தான். செருப்பைக் கழற்றும்போதே மார்க்கைக் கேட்பார், நாற்காலியை இழுக்கும்போது கட்-ஆஃப் கேட்பார், காபி வருவதற்குள் உங்கள் பிள்ளையின் தலையெழுத்தை எழுதி முடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்பார்.

அப்படித்தான் ஒரு நாள் மாலை நாலரை மணிக்கு எழில்மதியின் குவார்ட்டர்ஸுக்குள் தெய்வசிகாமணி நுழைந்தார். அடுத்த பிளாக், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். எழில்மதி அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரி விண்ணப்பம் அன்று ஐந்து மணியோடு மூடிவிடும். அண்ணனின் பழைய லேப்டாப்பில் ஆசை ஆசையாக பயோகெமிஸ்ட்ரி என்று போட்டுவிட்டாள். அம்மாவின் போனுக்கு ஓ.டி.பி. வந்தால் வேலை முடிந்தது. அந்த போன் எங்கே? தன் மச்சான் மகனிடம் ‘ஸ்கோப்’ விசாரிக்கிறேன் என்று தெய்வசிகாமணி வாங்கிக்கொண்டார். மச்சான் மகன் எடுக்கவில்லை. போனை இவரும் கீழே வைக்கவில்லை.

“கெமிஸ்ட்ரிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் இன்னாண்ணே வித்தியாசம்?” என்று அம்மா பொற்கொடி கேட்டுத் தொலைத்தாள்.

“கெமிஸ்ட்ரி பர்மனென்ட்மா. பயோகெமிஸ்ட்ரி காண்ட்ராக்ட். கெமிஸ்ட்ரி முடிச்சா ஜம்முனு லேப்புல உக்காந்துகினு நிலக்கரிய எடை போடலாம். பயோகெமிஸ்ட்ரின்னா ஊரு ஜனத்தோட ரத்தத்தப் பாத்துகினு நிக்கணும்.”

“அப்ளைடு கெமிஸ்ட்ரி?”

“அது அப்ரண்டிஸ்.”

இவ்வளவு சொன்னவர் கெமிஸ்ட்ரி படித்தாரா? பத்தாம் வகுப்பில் லிட்மஸ் தாளைப் பார்த்திருக்கிறார். அது சிவப்பா, நீலமா என்பதில் இன்றுவரை சந்தேகம்.

நாலு ஐம்பத்தாறு. அவர் கையிலிருந்த போன் ‘டிங்’ என்றது.

“அங்கிள், அதுல ஒரு நம்பர் வந்திருக்கும். கொஞ்சம் படிங்களேன்” என்றாள் எழில்மதி.

“ஏழு, நாலு, நாலு, ரெண்டு, ஒம்போது, ஒண்ணு. காண்ட்ராக்டுன்னா எப்ப வேணா தூக்கிடுவான் பாப்பா, அத மட்டும் மறந்துடாத!” என்று ஒரே மூச்சில் முடித்தார். அவள் தட்டினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அப்பாடா! பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாதக் கடைசியில் அவளுக்கு பயோகெமிஸ்ட்ரி சீட் கிடைத்தது. தெய்வசிகாமணி முகம் சுளித்தாரா? அதுதான் இல்லை. “நான்தான் கூடவே உக்காந்துகினு அந்தப் பொண்ணுக்கு பயோகெமிஸ்ட்ரி போட வச்சேன். கெமிஸ்ட்ரிக்கு இப்ப ஏதுங்க ஸ்கோப்பு?” என்று மந்தாரக்குப்பம் டீக்கடையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று, மறைக்காமல் சொல்லுங்கள்: படித்துக்கொண்டே வரும்போது, ‘பாவம், பேசாமல் நர்சிங் போட்டிருக்கலாம்’ என்று உங்களுக்கு ஒரு நிமிஷம் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், வருகிற மே மாதம் தயவுசெய்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள். என் பையன் பிளஸ் டூ எழுதுகிறான்.