இலை பார்க்கப் போய்க் கல்யாணப் போட்டோவில் நின்ற விவரம்

கம்பம்,
ஞாயிறு காலை.

உத்தமபாளையம் ஏலக்காய் வணிகரும், என் மதிப்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவருமான மச்சான் ரியாசுதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ரம்லத்தின் கணவன் உமர் பாருக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் ரம்லத்தும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனியாகச் சுகமில்லை. தங்கள் சுகத்தையும், தங்கள் ரத்த அழுத்தத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

நேற்று தாங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவும், அதன் அடியில் "மாப்ள, இது யாரு வீட்டுக் கல்யாணம்? என் தங்கச்சி எதுக்கு மாதா கோயில்ல பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கிறா? ஒழுங்கா விளக்கம் சொல்லுங்க, இல்ல அவளை இங்கன அனுப்பி வைங்க" என்ற வாசகமும் கிடைத்தன. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் டெலிபோன் டிபார்ட்மெண்டில் ஆயுசைக் கழித்த நான் ஹலோ என்று ஆரம்பித்தாலே தாங்கள் "சரி மாப்ள, சரி மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எனவே கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போட்டோவில் இருப்பது ரம்லத்தான். மறுக்கவில்லை. பக்கத்தில் பல்லைக் காட்டுவது நான். பாதிரியாரின் கையை விடாமல் குலுக்கிக்கொண்டிருப்பவர் காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டக்காரர், என் சிநேகிதர் அழகுமலை. தலையில் பெண்வீட்டார் கொடுத்த ரோஜாவோடு நிற்பது அவர் மனைவி ஜக்கம்மா. மணப்பெண் பெயர் ஏஞ்சல். அந்தப் பிள்ளையை அன்றைக்கு முன்னால் நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

எல்லாம் கனடாவில் இருக்கும் எங்கள் மகள், தங்கள் மருமகள் ரஃபியாவால் ஆரம்பித்தது. கனடாவில் அக்டோபர் மாதம் மரத்து இலையெல்லாம் சிவந்து பழுக்குமாம், ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அந்த இலையைப் பார்ப்பார்களாம், அப்படியே மியூசியமும் பழைய சர்ச்சும் பார்த்துத் திரும்புவார்களாம், அம்மாவும் அத்தாவும் வந்தே தீர வேண்டும் என்றாள். ரம்லத் மதுரைக்குப் போய் அரக்குக் கலரில் ஒரு கோட்டும், கம்பளிக் குல்லாயும், கையுறையும் வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். பிறகு விசா இல்லை என்று வந்தது. அவள் கோட்டை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். கூடவே தன் பேச்சையும் வைத்துப் பூட்டிவிட்டாள் மச்சான். ரஃபியா இலைப் படமாக அனுப்புவாள், இவள் பார்ப்பாள், போனைக் கவிழ்த்து வைப்பாள். வீட்டில் வாய்விட்டுப் பேசியது மிக்ஸி ஒன்றுதான். மகளைப் பார்க்காத ஏக்கம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, நான் என்ன விசா அதிகாரியா?

இதை அழகுமலையிடம் புலம்பினேன். அவர், "பாயி, இலை பழுத்தா நாங்க மருந்தடிப்போம். அதைப் பாக்கவா ஏரோப்ளேன்ல போறாக?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் கூட இருந்த கார் டிரைவர் பாண்டியராஜன் சிரிக்கவில்லை. "சார், மலைக்கு அந்தப் பக்கம், முண்டக்கயத்துல, மார்கழிக் கடைசில ரப்பர் மரமெல்லாம் செவந்து கொட்டும் சார். காடே தீப்பிடிச்ச மாதிரி இருக்கும். நான் பாத்திருக்கேன்" என்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். அடுப்படி வாசலில் நின்று, "கனடாவை இங்கனயே காட்டுறேன், மியூசியம் சர்ச்சோட சேத்து, வர்றியா?" என்றேன். ரம்லத் உள்ளறைக்குப் போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதுதான் சம்மதம்.

அழகுமலையும் ஜக்கம்மாவும் சேர்ந்துகொள்ள, பாண்டியராஜன் காரில் நாங்கள் புறப்பட்டது மகரவிளக்குக்கு முந்தின வாரம் என்பது என் பிழை. கம்பம் முழுக்க ஐயப்ப சாமிமார் வண்டி. குமுளிக்குப் போகும் வண்டியையெல்லாம் போலீஸ் கம்பம்மெட்டு வழியே திருப்பிவிட்டது. என் தாடியையும், பனிக்காக நான் போட்டிருந்த கறுப்பு ஸ்வெட்டரையும் பார்த்த போலீஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, கம்பம்மெட்டுல ஏறுங்க சாமி, பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். பேரைச் சொன்னால் பாவம் மனிதர் சங்கடப்படுவார் என்று நானும் பவ்யமாகக் கும்பிட்டேன். பின்சீட்டில் அழகுமலைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ரம்லத் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிக்கவில்லை.

மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவை மியூசியமாக வைத்திருந்தார்கள். உள்ளே போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் நான் வேலை பார்த்த அதே கறுப்பு டெலிபோன்! கீழே ஒரு விளக்கு, பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்ற அட்டை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதைக் கழற்றி மாட்டுவது எப்படி, இடி இடித்தால் இதில் என்ன கோளாறு வரும் என்று அங்கே வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தேன். ஆர்வத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன். உடனே எங்கோ மணி அலறியது. காவலாளி ஓடி வந்து என் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மச்சான், பின்னாலிருந்து ஒரு குரல்: "விடுங்கண்ணே, அவுரும் இந்தப் பொட்டிக்குள்ள வைக்க வேண்டிய ஆளுதான். இங்கனயே வச்சுக்கிறீகளா? நான் வேணா எழுதிக் குடுத்துட்டுப் போறேன்." ரம்லத்! பேசிவிட்டாள்! பேசியதோடு நிற்காமல் ஜக்கம்மா தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காவலாளியை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோய் விட்டுவிட்டார்.

இனித் தாங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். மலை இறங்கியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மரம் செம்பும் மஞ்சளுமாக நிற்கத்தான் செய்தது. ஆனால் எல்லாம் வேலிக்குள். எட்டிப் பார்க்கலாம், உள்ளே கால் வைக்க முடியாது. சரி, சர்ச்சாவது பார்ப்போம் என்று வழியில் ஒரு பெரிய மாதா கோயிலில் இறங்கினோம். உள்ளே கல்யாணம். மலையடிவாரத்தில் வெயில் கொளுத்துகிறது; ரம்லத்தோ கோட்டு, குல்லாய், கையுறை எதையும் கழற்ற மாட்டேன் என்கிறாள். பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்து என்னவோ கேட்டார். எதற்கு வாங்கியது என்று கேட்பதாக நினைத்து ரம்லத் பெருமையாக, "கனடாவுக்கு" என்றாள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "கானடயோ?" என்றார். எனக்கு மலையாளம் தெரியும் என்று வண்டி ஏறியதிலிருந்து சொல்லி வந்தவன் நான். ஆமாம் என்று பொருள்படும், எனக்குத் தெரிந்த ஒரே மலையாளச் சொல்லை எடுத்துவிட்டேன். "அதே, அதே."

அவ்வளவுதான் மச்சான். "கானடாக்கார் வந்நு!" என்று ஒரு கூச்சல். மாப்பிள்ளையின் சித்தப்பா குடும்பம் கனடாவிலிருந்து வர வேண்டியிருந்ததாம், பெண்வீட்டார் முன்னப்பின்னப் பார்க்காதவர்களாம். பத்துப் பேர் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் மேடையில் ஏற்றினார்கள். "சுகமாணோ?" என்றார்கள். அதே. "பிளைட் லேட்டாயோ?" அதே. ஜக்கம்மா என் காதில், "என்னண்ணே சொல்றாக?" என்றார். "நம்மளை ரொம்பப் புடிச்சிருச்சாம்" என்றேன். அப்போது பாண்டியராஜன் எடுத்து ஸ்டேட்டஸில் போட்ட போட்டோதான் சுற்றிச் சுற்றித் தங்கள் கைக்கு வந்தது. பிறகு பக்கத்து மண்டபத்தில் பந்தியில் உட்கார வைத்தார்கள். கவலை வேண்டாம், அப்பமும் மீன்கறியும் மட்டும்தான் தொட்டோம். அருமையான மீன்கறி.

மூன்றாவது அப்பத்தில் நான் இருக்கும்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. நிஜக் கனடாக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களையும் அதே டிராபிக் பிடித்து வைத்திருந்திருக்கிறது. மண்டபமே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அழகுமலை இலையை மடித்தார். நான் கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன். பெண்ணின் தாயார் எங்கள் எதிரில் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. ரம்லத் எழுந்தாள். குல்லாயைக் கழற்றினாள்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. நாங்க கனடா இல்ல, கம்பம். என் மகதான் கனடால இருக்கா. அவளைப் பாக்கப் போக விசா கெடைக்கல. அவ பாக்குற மாதிரி இலையாச்சும் பாப்பம்னு வந்தோம். இவுகளுக்கு மலையாளம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. ஆனா நீங்கள்லாம் சிரிச்ச முகமா கூப்பிட்டீக. எனக்கு எந்திரிச்சு வர மனசு வரல."

அந்தத் தாயார் ரம்லத்தின் கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "இலையோ? இலை காணானோ?" என்று கேட்டார். பார்க்கவா என்கிறார் என்று புரிந்து ரம்லத் தலையை ஆட்டினாள். அவர் கையை நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பந்தியே குலுங்கியது. "எண்ட மாதாவே! இந்த இலை வாரி வாரி எண்ட நடு ஒடிஞ்ஞு!" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டியவர், ரம்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மூத்த மகளும் எங்கோ வெளிநாட்டில் நர்ஸாம். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லையாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் பேசி, ஆளுக்கொரு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புது இலையில் அப்பமும் மறுபடி வந்தது.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். மச்சான், நான் எப்படிச் சொல்லுவேன்! மேலேயும் செம்பு, கீழேயும் செம்பு. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். அழகுமலைக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஓர் இலையை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "ஏலே, தோட்டமே போச்சே! மருந்து அடிச்சீகளா இல்லியா?" என்று பெண்ணின் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டார். அவர், "சேட்டா, இது எல்லாக் கொல்லமும் உள்ளதா" என்றார். அழகுமலை என் பக்கம் திரும்பி, "பாயி, கொல்லுமாம்! வாங்க ஓடிருவோம்!" என்றார். கொல்லம் என்றால் வருஷம், வருஷா வருஷம் இப்படித்தான் என்று பாண்டியராஜன் சொல்லிப் புரியவைக்கப் படாதபாடு பட்டார்.

அந்நேரம் ஒரு காற்று வந்தது. தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் உதிர ஆரம்பித்தது. ரம்லத் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இலைக்குள் ஓடினாள். என்னைவிட வேகமாக ஓடினாள். அள்ளி ஜக்கம்மா தலையில் கொட்டினாள். "ஏத்தா ரம்லத்து, பைத்தியமா புடிச்சிருக்கு!" என்று கத்திக்கொண்டே அந்த அம்மாவும் திருப்பிக் கொட்டினார். கடைசியில் மூச்சு வாங்க நின்று ரஃபியாவுக்கு வீடியோவில் போட்டாள். அங்கே அப்போதுதான் விடிகிறது. தூக்கக் கலக்கத்தில் எடுத்த பிள்ளை ஒரே பார்வையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா! விசா வந்துருச்சா? எங்கன இருக்கீக? சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீகளா?"

"இல்லடி. முண்டக்கயத்துல இருக்கேன். அத்தா கூட்டிட்டு வந்தாக."

ரஃபியா ஜன்னல் பக்கம் போனைத் திருப்பினாள். வெளியே வெறும் குச்சி மரமும் பனியும். "இங்கன ஒரு இலைகூட இல்லம்மா. எல்லாம் கொட்டிப்போச்சு" என்றாள்.

ரம்லத் சொன்னாள்: "அப்ப நீ கெளம்பி வா. இங்கன இன்னும் கொட்டுது."

இதுதான் மச்சான் நடந்தது. வரும் வழியெல்லாம் ரம்லத் பேசினாள். இன்றுவரை நிறுத்தவில்லை. இருந்தாலும் குடும்பத்தின் மூத்தவர் என்ற முறையில் தங்கள் மனம் கோணியது கோணியதுதான். ஆகவே இனிமேல் கம்பம் எல்லையைத் தாண்டி ரம்லத்தை எங்கும் அழைத்துப்போக மாட்டேன், முன்பின் தெரியாதவர் பந்தியில் உட்கார மாட்டேன், தெரியாத பாஷையில் வாயைத் திறக்க மாட்டேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். அவளைக் கூட்டிப்போகத் தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம்.

தங்கள் கோபம் இறங்கவும் ஏலக்காய் விலை ஏறவும் துஆ செய்யும்,
மாப்பிள்ளை
உமர் பாருக்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தங்கள் வீட்டுக்காரி, தங்கச்சி பெனாசிர். கையில் தூக்குச்சட்டி, தோளில் தங்கள் ஸ்வெட்டர். "அண்ணே, அவுக கடைக்குப் போன நேரம் பாத்து வந்துட்டேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து ஏலக்காய் மூட்டையத் தவிர நான் என்னத்தைப் பாத்தேன்? இலை இந்த வாரத்தோட முடிஞ்சிருமாம்ல, சீக்கிரம் கெளம்புங்க" என்கிறது. நான் எவ்வளவோ மறுத்தேன். ரம்லத் ஏற்கெனவே பாண்டியராஜனை வரவழைத்து, மதினியைக் காரின் முன்சீட்டில் ஏற்றிவிட்டாள், அவர் ஹாரன் அடிக்கிறார். இதைப் போகிற வழியில், மலைமேல் கட்டப்பனையில் போஸ்ட் பண்ணுகிறேன். தங்களுக்கு மதியச் சோறு ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னது. இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது அது கெட்டுப்போயிருக்கும், சாப்பிட்டுவிடாதீர்கள்.