இடது காலைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டிய கதை

மற்றவர்களுக்குக் கர்வம் முகத்தில் இருக்கும், மீசையில் இருக்கும். எனக்கு இடது காலில் இருந்தது. அப்போது இருபத்து மூன்று வயது. கம்பத்திலிருந்து குமுளிக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். மலை ஏற்றத்தில் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு மிதி மிதித்து, துளிச் சத்தம் வராமல் மாற்றுவேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் தூக்கத்திலிருந்து விழிக்கவே மாட்டார்கள். (பயத்தில் கண்ணை மூடியிருப்பார்கள் என்பது என் மனைவியின் கட்சி.)

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் மெட்ராஸிலிருந்து அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்தார். அதில் கிளட்சே கிடையாது. உள்ளே எண்ணெய் ஓடி, அதுவே கியரை மாற்றிவிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் தோசை சுடும், தலைக்குக் குளிர்ச்சி தரும். கியர் மாற்றுமா?

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத நிலைமை. எங்கள் பஸ்ஸுக்கு ஃபிட்டராக இருந்த சுப்பையா மாமாவின் மகள் கனகத்தைப் பெண் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தேன். மூன்றாவது தடவை பதில் வந்தது: "அந்தக் காரை ஓட்டுற வேலைய வாங்கட்டும். பொண்ணு தர்றேன்."

ஏலக்காய் முதலாளி என்னைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த நாள், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் காருக்குப் பூஜை போடும் நாள். முன்னால் நானும், என்ஜினைப் பார்த்துக்கொள்ள முதலாளி கூப்பிட்டிருந்த மாமாவும். பின்னால் முதலாளி, அவர் சம்சாரம், கூடவே கனகம். காரோடு வந்த தடிமனான இங்கிலீஷ் புத்தகம் கனகத்தின் மடியில். மாமாவுக்கு என்ஜின் பேசுவது புரியும், இங்கிலீஷ் புரியாது. எட்டாங்கிளாஸ் படித்த மகள்தான் வாசித்து அர்த்தம் சொல்வாள். முதலாளியின் மடியில் பித்தளைக் குடம் நிறைய பானகம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டது, கீழே வைக்கக் கூடாது.

நாலு டயருக்கும் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கக் கிளம்பினோம். கனகம் பார்க்கிறாள் என்ற உற்சாகத்தில் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினேன். என்ஜின் அலறியது. கியர் மாற்றச் சொல்கிறது என்றது என் காது. உடனே இடது கால் கிளம்பிப் போய், அங்கே அகலமாக இருந்த ஒரே மிதிகட்டையை மிதித்தது. அது பிரேக்.

முதல் மிதியில் பானகம் முதலாளியின் பட்டு ஜிப்பாவில் ஏறியது. எனக்குத்தான் கியருக்கு இரண்டு மிதி பழக்கமாயிற்றே! இரண்டாவதில் முகத்துக்கே ஏறிவிட்டது.

"ஏலே! என்னலே செய்யிற?" என்று மாமா டேஷ்போர்டிலிருந்து நெற்றியை எடுத்துக்கொண்டு கத்தினார்.

"கியர் மாத்துனேன் மாமா."

"அத எண்ணெய் மாத்தும்லே! நீ சும்மா இரு!"

நான் சும்மா இருந்தேன். கால் இருக்கவில்லை. உத்தமபாளையம் போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை கியர் மாற்றிவிட்டேன். முதலாளி திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு, உதட்டுக்கு இறங்கியதை மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தார்.

மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, என் இடது காலை ஸீட்டின் இரும்போடு சேர்த்துக் கட்டினார். வருங்கால மாப்பிள்ளைக்கு எந்த மாமனாரும் செய்யாத மரியாதை. அவமானத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்து கனகத்தின் குரல் கேட்டது. அப்பாவிடம் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள்.

"அப்பா, நம்ம வாய்க்கா மடை மாதிரித்தான் இதுவும். உள்ள ஒரு சின்ன அடைப்பு இருக்கு. வண்டி வேகம் கூடக்கூட ஒரு பக்கமிருந்து எண்ணெய் அதை நெட்டுது. ஆக்சிலேட்டரை மிதிச்சா எதிர்ப்பக்கமிருந்து எண்ணெய் நெட்டுது. வேகத்தால வர்ற எண்ணெய் செயிச்சாத்தான் அடைப்பு நகரும். வழி திறந்து எண்ணெய் பாஞ்சு அடுத்த கியரைப் பிடிக்கும். இப்படி ஒரேடியா மிதிச்சா அது எப்படிச் செயிக்கும்?"

பிறகு என்னிடமே, முதல் தடவையாக, "வலது காலை லேசா எடுங்க" என்றாள்.

எடுத்தேன். அடியில் ஏதோ மெல்ல நகர்ந்தது. அலறல் அடங்கி, கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது காலின் உதவியில்லாமல் ஒரு கியர் மாறியதை வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. சின்னமனூரைத் தாண்டும்போது, வேலையும் கிடைத்தது பெண்ணும் கிடைத்தாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கோயில் வாசலில் முதலாளியின் சொந்தபந்தமெல்லாம் மாலையோடு நின்றது. இறங்கி அவருக்குக் கதவு திறந்துவிடுவதுதான் டிரைவருக்கு அழகு. மிடுக்காகக் குதித்தேன். துண்டு நினைவில் இல்லை. உடம்பு புழுதியில், கைகள் இரண்டும் தலைக்கு முன்னால், இடது கால் மட்டும் காருக்குள்.

"ஆத்தா மேல என்னா பக்தி பாருங்க!" என்று பூசாரி ஓடிவந்து என் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்.

முதலாளி குடத்தின் அடியில் மிஞ்சியிருந்ததை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை. "நீ பஸ்ஸையே ஓட்டுப்பா. அங்கன ஒனக்கு மிதிக்கிறதுக்கு எல்லாம் இருக்கு" என்றார்.

வேலை போயிற்று. வேலையோடு கனகமும் போனாள் என்று நினைத்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் மாமா பஸ் செட்டுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பொண்ணு கெடையாதுன்னுதான் சொன்னேன். அவ கேக்க மாட்டேங்கிறா. 'காலை எடுங்கன்னு ஒரு தடவைதான் சொன்னேன், உடனே எடுத்தாக. அம்மா சொல்லி நீங்க எதையாச்சும் ஒரு தடவையில கேட்டிருக்கீகளாப்பா?'ங்கிறா. நான் என்னத்தச் சொல்ல? தை மாசம் வச்சுக்கிருவோம்."

ஐம்பது வருஷமாகப் போகிறது. வீட்டில் நான் குரலை உயர்த்தினால் கனகம் எதிர்த்துப் பேச மாட்டாள். அடுப்படியிலிருந்து ஒரே வரிதான் வரும்: "காலை லேசா எடுங்க." பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், பிறகு மருமகள்கள். நேற்று காபி தாமதமானதற்கு நான் கத்தியபோது, ஆக்சிலேட்டர் என்றால் என்னவென்றே தெரியாத ஐந்து வயதுப் பேத்தி விரலை நீட்டி அதையே சொன்னாள்.

உடனே அடங்கிவிட்டேன். நாற்காலிக்கு அடியில் இடது கால் மட்டும், யாருக்கும் தெரியாமல், இரண்டு தடவை மிதித்துக்கொண்டது.